உரிமையாளர் கையெழுத்து

கார் விற்கிறவர்களுக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தொழில் இது. வந்தவர் காலையில் என்ன சாப்பிட்டார், சிகரெட்டை விட்டுவிட்டதாக மனைவியிடம் சொல்லியிருப்பது மெய்யா பொய்யா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். பன்னிரண்டு வருடமாகத் திறந்ததில்லை.

அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு புது வண்டி வாங்க வந்த டைல்ஸ்காரரின் மகன் அந்த வண்டியின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். பக்கத்து இருக்கையில் நான். வண்டியில் எந்த பட்டன் எதற்கு என்று காட்டிக்கொடுப்பது டெலிவரி நாளில் என் வேலை. அவன் வாயில் புதினா மிட்டாய் மணத்தது. அதற்கு அடியில் விஸ்கி.

"தம்பி, குடிச்சிருக்கியா?"

"லைட்டாத்தான்க்கா. கசின்ஸ் எல்லாம் வந்திருக்காங்கல்ல, கார் பார்க்கிங்ல ஒரு சின்ன செலிபிரேஷன்." கண்ணடித்தான். "அப்பாட்ட சொல்லிடாதீங்க."

பதினாறு வயது ஏழு மாதம். ஐந்து மாதமாக அவனோடு பேசிப் பழகியதால் பிறந்த தேதியே எனக்கு மனப்பாடம். இன்னும் அரை மணியில் இந்த வண்டியை அவன் ஓட்டிக்கொண்டு எங்கள் கேட்டைத் தாண்டி, ஆறு வழிச் சாலையில் ஏறப்போகிறான். பின் இருக்கையில் அப்பாவும் அம்மாவும். பின்னாலேயே சொந்தக்காரர்களின் நான்கு கார்கள், ஹார்ன் அடித்துக்கொண்டு. ஏற்பாடு எல்லாம் நான் செய்ததுதான்.

என் சாமர்த்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். பணம் புதிதாக வந்த வீடுகளில் அப்பாவிடம் காரைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. கம்பெனிப் பெயரைச் சொல்வதற்குள் அவருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பிள்ளைக்கோ எந்த மாடல் எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆகவே பிள்ளையைப் பிடி, அவன் அப்பாவைப் பார்த்துக்கொள்வான். இதை நான்தான் கண்டுபிடித்தேன், புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன். மூன்று வருடமாக இந்தக் கிளையில் விற்பனையில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால் சுவரில் என் ஃபோட்டோவைக் காட்டுவார்கள்.

அந்தச் சுவரில் இன்னொரு ஃபோட்டோ இருந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் கையில் நான் சாவியைக் கொடுக்கிறேன், இரண்டு பேரும் பல்லைக் காட்டுகிறோம். ஆறு வாரத்துக்கு முன்னால், விடியவிடியக் குடித்துவிட்டு நண்பன் வீட்டிலிருந்து திரும்பிய அந்தப் பையன் காலை எட்டு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் வண்டியை ஏற்றினான். அலுவலகங்களைச் சுத்தம் செய்கிற ஒரு பெண் செத்துப்போனாள். அவளுக்கு என் வயது. போலீஸ் எங்கள் ஷோரூமுக்கு வந்து வண்டியின் பதிவுக் காகிதங்களின் நகலை வாங்கிக்கொண்டு, குளிர்ச்சியாக ஜூஸ் குடித்துவிட்டுப் போனது. என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபோட்டோவை நானே கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை என்பதுதான் உண்மை.

"தம்பி, எல்லாரும் ஃபோட்டோவுக்குக் காத்திருக்காங்க. வண்டிக்கு முன்னாடி போய் நில்லு. கூலிங் கிளாஸ் போட்டுக்க, நல்லாருக்கும்," என்றேன்.

ஃபோட்டோ என்றதும் பாய்ந்து இறங்கினான். நான் அப்படியே ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, நான்கு கதவையும் பூட்டினேன். இரண்டு சாவியும் என் கோட்டுப் பையில். டெலிவரி கோப்பு மடியில். வண்டியின் மூக்கில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

முதல் இரண்டு நிமிடம் எல்லாரும் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஃபோட்டோகிராபர் என்னையும் சேர்த்து இரண்டு படம் எடுத்தார். அப்புறம் மேனேஜர் வந்து கண்ணாடியைத் தட்டினார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இந்த வண்டியின் கண்ணாடி இரட்டை அடுக்கு. வெளியே இடியே விழுந்தாலும் உள்ளே கேட்காது என்று ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் அவர் செல்போனில் கூப்பிட்டார்.

மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா என்பார், கோபம் வந்தால் மேடம் என்பார்.

"அக்கா, என்ன இது? இறங்குங்க."

"பையன் குடிச்சிருக்கான். வயசு பதினாறு. வண்டியைத் தர முடியாது."

"சரி, மெதுவாப் பேசுங்க. ஒண்ணு பண்ணலாம். வண்டியைத் திரும்ப ட்ரான்ஸ்போர்ட் மோடுல போட்டுடறேன்." கப்பலில் வரும்போது வண்டிக்குப் போட்டிருக்கும் பூட்டு அது, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. "சாஃப்ட்வேர்ல கோளாறு, நாளைக்கு வாங்கன்னு சொல்லிடலாம். யார் மனசும் நோகாது."

"நாளைக்குக் குடிக்காம வருவானா? வந்தா மட்டும் பதினெட்டு ஆயிடுமா?"

"அது அவங்க வீட்டு விஷயம். கேட்டுக்கு வெளியில நடக்கறதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"ஆறு வாரம் முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க. நானும் தலையாட்டினேன்."

"மேடம்," என்றார். "அஞ்சு நிமிஷத்துல இறங்கலேன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

"கேட் பாஸ்ல என் கையெழுத்து இல்லாம வண்டி வெளிய போகாதுல்ல? அது போதும் எனக்கு," என்று போனை வைத்தேன்.  பேச்சில்தான் வீராப்பு. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

வெளியே கூட்டத்தின் முகம் மாறிவிட்டது. யாரோ ஒரு மாமா கேக்கை மூடிவைத்தார். டைல்ஸ்காரர் மேனேஜரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. தலையில் டைல்ஸ் பெட்டி சுமந்து ஆரம்பித்தவர். இன்றைக்கு ஏழு கடை. பின் சீட்டில் உட்கார்ந்து மகன் ஓட்ட ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. என்னிடமே இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், கண் கலங்க. மகன் காரின் மேல் சாய்ந்துகொண்டு போனில் என்னை வீடியோ எடுத்தான்.

அப்போது பக்கத்துக் கண்ணாடியை யாரோ ஒற்றை விரலால் தட்டினார்கள். டைல்ஸ்காரரின் மனைவி. திறந்தேன். உள்ளே வந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார். சாத்தியதும் அந்த இடம் அமைதியாகிவிட்டது.

"எவ்வளவு நேரம் இப்படியே உக்காந்திருப்பீங்க?"

"தெரியல மேடம்."

"குடிச்சிருக்கானா?"

"ஆமா."

அவர் தலையாட்டினார், ஆச்சரியப்படவில்லை. "இது மூணாவது தடவை, எனக்குத் தெரிஞ்சு. சட்டையைத் துவைக்கறவளுக்குத் தெரியாதா? இவர்ட்ட சொன்னா, ஆம்பளப் பையன், வயசுக் கோளாறு, நீ சும்மா இருன்னுடுவார்." கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே, "இன்னைக்கு நீங்க நிறுத்திட்டீங்க. நாளைக்கு யார் நிறுத்தறது?" என்று கேட்டார்.

 பதிலுக்காக மடியில் இருந்த கோப்பைப் பார்த்தேனோ என்னவோ, முதல் பக்கத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில் கண் நின்றது. அங்கே இருந்தது டைல்ஸ்காரரின் பெயர் இல்லை. இந்த அம்மாவின் பெயர்.

மனைவி பெயரில் பதிந்தால் வரி குறையும். பாதி வண்டிகளை நாங்கள் அப்படித்தான் விற்கிறோம். நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன், நான்தான் படிவத்தைத் தட்டச்சு செய்தேன். ஐந்து மாதத்தில் மகனுக்கு நூறு மெசேஜ் அனுப்பியிருப்பேன். அப்பாவோடு முப்பது தடவை பேசியிருப்பேன். இந்த அம்மா ஒவ்வொரு முறையும் கூடவே வந்து சோபாவில் உட்கார்ந்திருப்பார். ஜூஸ் வேணுமா மேடம் என்பதைத் தவிர அவரிடம் நான் எதையும் கேட்டதில்லை. வண்டிக்குச் சொந்தக்காரி அவர். என் போனில் அவர் நம்பர்கூட இல்லை. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

"மேடம், இந்த வண்டி யார் பேர்ல இருக்குன்னு தெரியுமா?"

"அவர் பேர்லதானே?"

"உங்க பேர்ல."

கோப்பை வாங்கிப் பார்த்தார். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "போடச் சொன்ன எடத்துல எல்லாம் போட்டேன். கடைக் காகிதம், வீட்டுக் காகிதம் எல்லாம் அப்படித்தான். எதுக்குன்னு கேட்டா, உன்னை ராணியாக்கறேன்ம்பார்."

"சட்டம் போன வருஷம் மாறிடுச்சு. பதினெட்டு ஆகாத பையன் ஓட்டி யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா, வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு ஜெயில். மூணு வருஷம் வரைக்கும். பையன் குடிச்சிருந்தா இன்னும் மோசம். உங்க வீட்டுக்காரரைத் தேடி வர மாட்டாங்க மேடம். உங்களைத் தேடித்தான் வருவாங்க."

அவர் வெளியே மகனைப் பார்த்தார். அவன் இன்னும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லல?"

"நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

"இன்னும் கையெழுத்து பாக்கி இருக்கா?"

"ரெண்டு. டெலிவரி நோட்டுல. வண்டியை வாங்கிக்கிட்டேன்னு ஒண்ணு, சாவியை வாங்கிக்கிட்டேன்னு ஒண்ணு. நீங்க போட்டாத்தான் வண்டி உங்களோடது."

"அப்போ முழுசும் படிச்சுட்டே சொல்றேன்," என்றார்.

முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். விரலை வரிக்கு அடியில் வைத்து, அவசரமே இல்லாமல். வெளியே மேனேஜர் கடிகாரத்தைக் காட்டினார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பன்னிரண்டு வருடத்தில் இந்தக் கோப்பை முழுதாகப் படித்த வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. ஒன்பதாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"சோதனை ஓட்டம் செஞ்சவர்னு இவர் பேரைப் போட்டிருக்கு."

நான் அந்த வரியை எட்டிப் பார்த்தேன்.

"இவருக்குக் கார் ஓட்டத் தெரியாதே. லைசென்ஸ் சும்மா வாங்கி வெச்சிருக்கார், ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்ல." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யாரு ஓட்டினது?"

பூசி மெழுகலாம். தட்டச்சில் தவறு என்று சொல்லலாம். நான்கு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியும், அதற்குத்தானே சம்பளம் தருகிறார்கள்.

"உங்க பையன்தான். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி. விமான நிலையம் போற ரோட்டுல, பதினோரு கிலோமீட்டர். நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். நூத்தி முப்பது வரைக்கும் போனான். சூப்பரா ஓட்டறே தம்பின்னு சொன்னேன். திரும்பி வந்து உங்க வீட்டுக்காரர் பேரை நான்தான் எழுதினேன்."

"எதுக்கு?"

"விக்கணும்னு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பை என் மடியில் வைத்தார்.

"அடிச்சுட்டு, நடந்ததை எழுதுங்க."

டைல்ஸ்காரர் பெயரைக் குறுக்கே அடித்தேன். மகன் பெயரை எழுதினேன், வயது பதினாறு என்று எழுதினேன், பக்கத்தில் என் பெயரையும் தேதியையும் போட்டுக் கையெழுத்திட்டேன். கம்பெனிப் படிவத்தில் பொய் எழுதியதற்கு என் கைப்பட நானே சாட்சி. மேனேஜர் என்னை வெளியே அனுப்ப இனிமேல் காரணம் தேட வேண்டியதில்லை. பேனாவை மூடிப் பையில் செருகினேன்.

அந்த அம்மா இறங்கினார். நானும் பூட்டை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கினேன், சாவிகளைக் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு. டைல்ஸ்காரர் ஓடி வந்தார்.

"என்னடி இது, மானம் போகுது. சீக்கிரம் கையெழுத்தப் போடு, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வண்டி என் பேர்லயாமே?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "வரிக்காகப் போட்டது. பேர்ல என்ன இருக்கு?"

"இவன் யார் மேலயாவது ஏத்தினா நான் ஜெயிலுக்குப் போகணுமாம்."

"அப்படியெல்லாம் நடக்காது. நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க இருக்கும்போதுதான் பகல் பதினோரு மணிக்கு இவன் வாயில சாராய நாத்தம்."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனாலும் கேக் மேஜை வரைக்கும் கேட்டது. ஒரு சித்தி வாயில் கையை வைத்துக்கொண்டார். மகன் கூலிங் கிளாஸைக் கழற்றினான்.

"அம்மா, ஓவராப் பண்ணாத. ரெண்டே ரெண்டு பெக்தான். நான் நல்லா ஸ்டெடியா இருக்கேன். இந்த அக்காவே என்னை ஓட்ட விட்டாங்க, கேளு."

"கேட்டுட்டேன். எழுதியும் வாங்கிட்டேன்." அவர் தரையைக் காட்டினார். எங்கள் ஷோரூம் தரை முழுக்க வெள்ளை டைல்ஸ், நடுவில் சாம்பல் நிறத்தில் மெல்லிய இடைக்கோடு. "ஸ்டெடியா இருக்கேல்ல? இந்தக் கோட்டு மேல நட. கதவு வரைக்கும் நேராப் போயிட்டேன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

"இவ்ளோதானா?" என்று சிரித்தான். கசின்கள் கைதட்டினார்கள்.

முதல் டைல்ஸைச் சரியாகக் கடந்தான். இரண்டாவதையும் கடந்தான். மூன்றாவதில் வலது கால் கோட்டை விட்டு அரை அடி தள்ளி விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. நேராகத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடந்துபோய் கண்ணாடிக் கதவுக்குப் பதிலாகப் பக்கத்துச் சுவரில் கையை ஊன்றி நின்றான். நின்று, திரும்பி, "பாத்தியா?" என்றான்.

கைதட்டல் எப்போதோ நின்றுவிட்டது. நான் டைல்ஸ்காரரைப் பார்த்தேன். முப்பது வருடம் டைல்ஸ் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தே பிழைத்த மனிதர். மகனின் கால் தடம் எங்கே விலகியது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது டைல்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பின் சீட்டில் உட்கார்ந்து அவர் பார்க்க நினைத்த ஊர் முழுக்க மனிதர்கள் நடமாடுகிற ஊர் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மெதுவாகப் போய் மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுப்பா. வண்டி?"

"வண்டி இல்லடா," என்றார். "உக்காரு."

அந்த அம்மா என் கையிலிருந்த கோப்பில் டெலிவரி நோட்டைத் தொட்டுக் காட்டினார். இரண்டு கட்டமும் காலியாக இருந்தன.

"ஒன்பதாம் பக்கத்துல உங்க கையெழுத்து இருக்கட்டும். இதுல என்னோடது இல்ல."

"சரிங்க மேடம்."

"டாக்ஸிக்குச் சொல்லுங்க. நாங்க மூணு பேர்."

சொன்னேன். டாக்ஸி வரும்வரை அந்தச் சோபாவில், எப்போதும் உட்காருகிற அதே மூலையில் உட்கார்ந்தார், நடுவில் மகன், அந்தப் பக்கம் கணவர்.  சொந்தக்காரர்கள் கேக்கை அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். வாசல் வரைக்கும் நான் கூடவே போனேன். ஏறுவதற்கு முன் அவர் திரும்பினார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன், மறைப்பானேன்.

"அந்த விமான நிலைய ரோட்டுல தினமும் காலைல எங்கம்மா நடக்கப் போறாங்க," என்றார். "நீங்க இவனை நூத்தி முப்பதுல ஓட்ட விட்ட அன்னைக்கும் போயிருப்பாங்க."

கதவைச் சாத்திக்கொண்டார். டாக்ஸி போய்விட்டது.

நான் உள்ளே திரும்பினேன். மேனேஜர் அவருடைய அறையில் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட இன்னும் ஆள் வரவில்லை. டிராயரைத் திறந்து அந்தப் பதினேழு வயதுப் பையனின் கோப்பைத் தேடி எடுத்தேன். அதிலும் ஒன்பதாம் பக்கம் உண்டு. அதிலும் ஓட்டத் தெரியாத ஒரு அப்பாவின் பெயரை என் கையால் எழுதியிருந்தேன். இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, காவல் நிலையத்துக்கு நடந்தே போனேன். இந்த முறை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.